குட்டிகளை வெளியே தூக்கி வந்த பூனை

மாதம்மாள், வயது 49, க/பெ முனிவேல், பள்ளிக்கூடத் தெரு, ஜவளகிரி, கிருஷ்ணகிரி மாவட்டம். என் கணவர் நேற்று கரியப்பன் மீது கொடுத்த புகார் சம்பந்தமாக நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து சொல்வது:

நான் மேற்கண்ட முகவரியில் குடியிருந்து ராகி விவசாயம் செய்து வருகிறேன். ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கும் என் மகள் ரேவதி பிரசவத்துக்கு வந்து, பெண் குழந்தை பெற்று, எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்து வந்தாள். எங்கள் ஊர்க் குளிருக்குப் பிள்ளை பெற்ற அறையின் ஜன்னலைப் பழைய புடவையால் அடைத்து, இரும்புச் சட்டியில் கரி நெருப்பு வைத்து, சாம்பிராணி தூவுவது வழக்கம். எங்கள் பூனையும் அதே அறையில் ஒரு கூடையில் மூன்று குட்டி போட்டிருந்தது. கரியப்பன் பக்கத்து வீட்டுக்காரர். அவருடைய கோழிக்குஞ்சுகளைப் பூனை பிடித்ததால், "ஒரு நாளைக்கு மருந்து வெச்சிடுவேன் பாரு" என்று தெருவே கேட்கச் சொல்லியிருந்தார்.

நேற்று விடிந்தபோது பனி மூட்டமாக இருந்தது. பூனை ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு வந்து மாட்டுக் கொட்டகை வைக்கோலில் போட்டது. குளிரில் செத்துப்போகுமே என்று நான் அதை எடுத்துப்போய் நெருப்புக்குப் பக்கத்திலேயே விட்டேன். அதன் பிறகு மறுபடியும் தூக்கி வந்தது. கூறுகெட்ட பூனை என்று திட்டி மறுபடியும் உள்ளே விட்டேன். அதன் பிறகு வேறொரு குட்டியைத் தூக்கி வந்தது. நான்கு காலும் பின்னித் தள்ளாடியது, ஆனால் வாயிலிருந்த குட்டியைக் கீழே விடவில்லை. நான் அதையும் பிடுங்கி உள்ளே விட்டு, பூனையையும் சேர்த்துக் கதவைச் சாத்தினேன். அதன் பிறகு அது கத்திய கத்தலில் கதவைத் திறந்தபோது, எச்சில் ஒழுக வாசற்படியில் விழுந்து கிடந்தது. ரேவதி, "தலை பாரமா இருக்குதும்மா, செத்த நேரம் படுத்துக்கறேன்" என்று குழந்தையோடு அதே அறையில் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

கரியப்பன்தான் மருந்து வைத்துவிட்டார் என்று அவரை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு என் கணவர் புகார் கொடுக்கப் போனார். அதன் பிறகு நான் பூனையைக் கட்டைப்பையில் வைத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். அங்கே டாக்டர் மணிமேகலை பூனையின் ஈறைப் பார்த்தார். அது செக்கச்செவேல் என்று இருந்தது. "வீட்டுல கரி மூட்டி எல்லாத்தையும் அடைச்சு வெச்சீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கரி நெருப்பிலிருந்து வாசனையே இல்லாத விஷக்காற்று வரும், சின்ன உடம்பைத்தான் முதலில் பிடிக்கும் என்று சொன்னவர், "அந்த ரூம்ல இப்ப யாரு இருக்காங்க?" என்றார். உடனே ரேவதிக்குப் போன் போட்டேன்.

மகள் போனை எடுக்கவில்லை. கணவரும் எடுக்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் முறை கேட்பதற்காகக் கரியப்பன் நம்பர் என்னிடம் இருந்தது. வெட்கத்தை விட்டு அவருக்குப் போட்டேன். "அண்ணா, கதவ ஒடச்சாவது எம்பொண்ணையும் கொழந்தையும் வெளிய தூக்கிடுங்கண்ணா" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கடப்பாரையால் கதவை நெம்பி, முதலில் குழந்தையையும், அதன் பிறகு நினைவில்லாத ரேவதியையும் கொட்டகைக்குத் தூக்கி வந்து, அதன் பிறகு திரும்பவும் உள்ளே போய்ப் பூனைக்குட்டிகளையும் கூடையோடு எடுத்து வந்திருக்கிறார். போலீசாருடன் வந்த என் கணவர் உடைந்த கதவையும் கடப்பாரையையும் பார்த்துவிட்டு, எதையும் விசாரிக்காமல் அவர்தான் என்று காட்டிக் கொடுத்துவிட்டார்; அவர்களும் அவரை இங்கே கூட்டி வந்துவிட்டார்கள்.

ரேவதியும் குழந்தையும் அரசு மருத்துவமனையில் தேறி வருகிறார்கள். பூனையையும் டாக்டர் ஆக்சிஜன் வைத்துப் பிழைக்க வைத்தார். சாம்பிராணி வாசம் நன்றாயிருக்கிறது என்று நாங்கள் மூச்சை இழுத்துக்கொண்டிருந்த அறையில், அந்த ஒரு பிடி உடம்புக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. அது திரும்பத் திரும்ப வந்து சொல்லியும் நான் கேட்கவில்லை.

இன்று காலை நெருப்புச் சட்டியையும் ஜன்னல் புடவையையும் எடுத்துப் போட்டுவிட்டு, பூனையை வீட்டில் இறக்கி விட்டதும், கதவில்லாத வாசற்படியில் நின்று உள்ளே வெகுநேரம் மோந்து பார்த்தது. அதன் பிறகு கொட்டகைக்குப் போய், குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வந்து அதே அறையில் விட்டது. நான் குறுக்கே போகாமல் சுவரோடு ஒட்டி நின்றேன். பேத்தியை அந்த அறைக்கே கூட்டி வரலாம் என்ற தைரியம் எனக்கு அப்போதுதான் வந்தது.

கரியப்பன் மருந்து வைக்கவில்லை. கதவை உடைத்ததும் நான் சொல்லித்தான். இதை எழுதியவர் வாசிக்க முழுக்கக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கும் கரியப்பன் அண்ணனை என்னுடன் அனுப்பினால், ஒரே பஸ்ஸில் ஊர் போய்ச் சேருவோம்.

(ஒப்பம்) மாதம்மாள்