குழாய்க்குள் குடியிருக்கும் பிரஷ்

எனக்கு வடிவாக எழுத வராது, மறதியும் கூட, பொறுத்துக்கொள்ளுங்கோ. டென்மார்க்கில, ஹோர்சன்ஸில் ஏறின ரயிலில் முன்சீட்டில் ஒரு தமிழ்ப் புருசனும் பெண்சாதியும்.

"எங்கட வீட்டுக் குழாய்க்குள்ள ஒரு பிரஷ் குடியிருக்குது," என்று என்னட்டைச் சொன்னா மனிசி.

"குழாய் துடைக்கிற வேலையை வீட்டில பழகேக்கை நடந்ததப்பா," என்றார் புருசன். "உடுப்புக் காயவைக்கிற மெசின்ர காத்துக் குழாயில பஞ்சு எடுக்க, பிரஷைத் திருகிப் பூட்டின கம்பை மறுபக்கம் திருப்பிப்போட்டன். பிரஷ் கழண்டு உள்ளுக்கை நிண்டிட்டுது."

"இண்டைக்குத்தான் நீங்கள் தனியப் போற முதல் வீடு. அங்கையும் விட்டிட்டு வந்தால் வேலை போயிடும். எந்தப் பக்கம் திருப்புவியள்?" என்று அவரைக் கேட்டா.

அவர் கையை ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். மனிசி தேத்தண்ணிப் போத்திலை நீட்டினா.

"இதின்ர மூடியை இறுக்குங்கோ. அந்தப் பக்கம்தான்."

பிரெடெரிசியாவில் அவர் காற்றில் மூடி இறுக்கிக்கொண்டே இறங்கினார். அது இடமோ வலமோ, எனக்கு மறந்துபோச்சு. தெரிந்தவர்கள் ஒருக்கால் சரிபாருங்கோ.