மீந்த மாத்திரை

— இன்னொரு தபா சொல்லுய்யா. டாக்டர் இன்னா சொன்னாரு?

— எத்தினி தபா சொல்றது? பேருதான் வேண்டா, கேள்வி மட்டும் வேணுமா? மோட்டார் நியூரான் நோவாம். கையி, காலு, அப்பால பேச்சு, ஒண்ணொண்ணா போவுமாம். சரி பண்ண மருந்து இல்லியாம்.

— அது இல்ல. இரும்பப் பத்தி.

— ரத்தத்துல இரும்பு ஜாஸ்தி கீதாம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கீதான்னு ஆராய்ச்சி பண்ணிகினு கீறாங்களாம். வுடு. சதுரங்கப்பட்டினம் பஸ்ஸு வருதா பாரு.

— நான் குடுத்த இரும்பு மாத்திரைதான்யா. ஷேர் ஆட்டோல கிளட்ச் புடிக்க வரலன்னு சொன்ன. கண்ண இழுத்துப் பாத்தேன், வெளுத்துக் கெடந்துச்சு. ரத்தம் கம்மின்னு நானே முடிவு கட்டிட்டேன். டெஸ்ட்டுகூட எடுக்கல. ஹெல்த் சென்டர்ல புள்ளத்தாச்சிங்களுக்குக் குடுத்து மீந்தத ரெண்டு வருசம் உனுக்குக் குடுத்தேன்.

— ஊருக்கே குடுக்கற நர்ஸம்மா, புருசனுக்குக் குடுக்கக் கூடாதா?

— சிரிக்காத, வயிறு எரியுது. என்னாலதானான்னு டாக்டர கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாதும்மான்னாரு. அப்ப என்னால இல்லியான்னா, அதையும் உறுதியா சொல்ல முடியாதுன்றாரு. நான் எங்க போயி முட்டிக்கிறது?

— வேண்டா, ஒண்ணு சொல்றேன். அடிக்கக் கூடாது.

— சொல்லு.

— நான் ஒரு மாத்திரைகூட முழுங்கல. எல்லாம் வாய்க்கால்ல போட்டுட்டேன்.

— பொய்யி. வெளிக்கி கருப்பா போவுதான்னு வாரா வாரம் கேட்டனே? முழுங்காதவங்கள அப்படித்தான் கண்டுபுடிப்போம். நீ கருப்புதான்ன.

— பக்கத்து வூட்டு ஜெசிந்தா சொல்லிக் குடுத்துச்சு. அது மாசமா இருந்தப்போ அதுவும் முழுங்கலியாம். 'அக்கா கேட்டா கருப்புன்னு சொல்லிடுண்ணா, வுட்டுடும்'னுச்சு.

— அடிப்பாவி! மெய்யாலுமா?

— மெய்யாலும். அந்த நாத்தத்த எவன் துன்னுவான்?

— அப்ப இரும்பு எங்கேர்ந்து வந்துச்சு?

— டாக்டருக்கே தெரியல, எனுக்கின்னா தெரியும்?

— ஐயோ... அப்ப நான் இல்ல. நான் இல்லய்யா! இப்பதான் மூச்சே வருது. இரு, ஜெசிந்தாவுக்குப் போன் போடறேன். அவ வாயாலயும் ஒரு வார்த்த கேட்டுக்கறேன்.

— போன உள்ள வையி.

— ஏன்யா?

— வையின்னா வையி. எனுக்குப் பேச்சு இருக்கற வரிக்கும் என்னையே கேளு, வேண்டா. எத்தினி தபா கேட்டாலும் இதையேதான் சொல்லுவேன்.