சோப்பு வாசனை

பேட்ச் ஒட்டிய பிறகு கையை வெறும் தண்ணீரில்தான் கழுவ வேண்டும். சோப்புப் போட்டால் விரலில் ஒட்டியிருக்கிற மருந்து இன்னும் சுலபமாக உள்ளே இறங்கிவிடும். அம்பத்தூரில் எங்கள் கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சோப்பு வேண்டாம் என்று சொல்லும் நர்ஸை அவர்கள் பார்த்ததில்லை. நீங்களும் சிரிக்கலாம், இன்ஸ்பெக்டர் ஐயா.

தோலில் ஒட்டுகிற அந்தப் பிளாஸ்திரி எங்கள் டாக்டரின் தம்பி அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த சரக்கு. இந்தத் தொண்ணூற்று ஐந்திலும் நம் பக்கத்து மருந்துக் கடைகளில் கேட்டால் விழிப்பார்கள். உள்ளே நிக்கோட்டின் இருக்கிறது. தோல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதால் சிகரெட் மேல் இருக்கிற தவிப்பு அடங்கும். ஒரு சமயத்தில் ஒன்றுதான் ஒட்ட வேண்டும். பழையதை எடுத்துவிட்டுத்தான் புதியது, அதுவும் வேறு இடத்தில். ஒட்டிக்கொண்டே சிகரெட் பிடித்தால் மருந்து மிஞ்சிப்போய் வாந்தி, வியர்வை, படபடப்பு வரும். இதயக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. இதையெல்லாம் நோயாளிகளுக்குச் சொல்லித் தருவது என் வேலை. என்னிடம் வந்தவர்களில் ஒருவருக்கும் ஒரு தலைவலிகூட வந்ததில்லை.

என் கணவர் பிரகாசம் ஆவடி பேக்டரியில் லேத் ஓட்டும் டர்னர். குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். கல்யாணமான நாளிலிருந்தே சிகரெட்டை விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வலது கையை நீட்டுவார். நான் விரல்களை முகர்ந்து பார்ப்பேன். அப்புறம்தான் காபி. மாட்டிக்கொண்ட நாட்களில் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

தை மாதம் அவருக்கு மார்வலி வந்தது. பயந்துபோய் அவராகவே கேட்டார். "அந்தப் பிளாஸ்திரிய எனக்கும் ஒட்டேன் ஞானம்." கிளினிக்கிலிருந்து எடுத்துவந்து முதுகில் ஒட்டினேன். டாக்டரிடம் சொல்லவில்லை. வீட்டு விஷயம் அவருக்கு எதற்கு என்று நினைத்தேன்.

கொஞ்ச நாளில் விரலில் சிகரெட் வாசனை நின்றுபோனது. சோப்பு வாசனை மட்டும்தான் வந்தது. எண்ணெய்ப் பிசுக்குப் போக பேக்டரியில் எல்லோரும் சோப்புப் போடுவார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இத்தனை வருஷமும் சோப்பையும் மீறிச் சிகரெட் மணக்கும். இப்போது மட்டும் ஏன் மணக்கவில்லை? முன்னைவிட அழுத்தித் தேய்க்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர் என்னை முட்டாளாக்குவதாக நினைத்தபோது வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

கோவில்பதாகை போகிற வழியில் சுலைமானின் பெட்டிக்கடை இருக்கிறது. வழக்கமாக அங்கேதான் வாங்குவார். போய்க் கேட்டேன். "அண்ணாத்தே இப்பல்லாம் தம்மே அடிக்கிறதில்ல சிஸ்டர். கடல முட்டாய் வாங்கி வாய்ல போட்டுகினு பூடுறாரு" என்றான். வாய் நாற்றத்தை மறைக்கக் கடலை மிட்டாய். கடைக்காரனையும் கூட்டுச் சேர்த்திருக்கிறார் என்று புரிந்துகொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் சபைப் போதகர் அவரைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். சிகரெட்டிலிருந்து விடுதலை கிடைத்ததை ஞாயிறு ஆராதனையில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொல்ல வேண்டும். தேவனுடைய வீட்டில் அவர் பொய் சொல்ல, பக்கத்து பெஞ்சில் நான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? எனக்கு நிச்சயம் தெரிந்தாக வேண்டியிருந்தது.

அதனால் சோதித்துப் பார்த்தேன். பழையதை எடுக்காமல் பக்கத்திலேயே இன்னொன்றை ஒட்டினேன். திருட்டுத்தனமாகச் சிகரெட் பிடிக்கிறவராக இருந்தால் உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். பிடிக்காதவருக்கு ஒன்றும் ஆகாது என்று முடிவு செய்திருந்தேன். மறுநாள் காலையில் வாந்தி எடுத்தார்.

"சத்தியமா தொடல ஞானம்."

"தொடலன்னா ஏன் வாந்தி வருது?"

"ரெண்டு ஒட்டியிருக்கியே, அதனால இருக்குமோ என்னவோ."

"இங்க நர்ஸ் யாரு, நீங்களா நானா?"

அவர் சிரித்துவிட்டார். அது மாட்டிக்கொண்டவர் சிரிக்கிற சிரிப்பு இல்லை. அதுதான் என்னை இன்னும் உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை என்று சொன்னேன். அவர் வெள்ளைச் சட்டையைக் கழற்றி முதுகைத் திருப்பிக் காட்டினார். "ஒட்டு. உன் மனசு ஆறட்டும்." முதல் இரண்டையும் எடுக்காமல் மூன்றாவதையும் ஒட்டினேன். ஒட்டிய கையை விதிப்படி வெறும் தண்ணீரில் கழுவிக்கொண்டேன்.

ஆராதனையில் இரண்டாவது பாட்டு முடிந்ததும் எழுந்தார். சட்டை தெப்பலாக நனைந்திருந்தது. "நான் சிகரெட்ட விட்டுட்டேன்" என்று சபையைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார். பெஞ்சைப் பிடித்தபடியே சரிந்தார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் நர்ஸ் அல்லவா. எங்கள் சபை சாராள் அக்கா ஓடிவந்து, "சிஸ்டர், என்ன பண்ணணும், சொல்லுங்க" என்று கேட்டாள். காற்று வரட்டும், விலகி நில்லுங்கள் என்றேன். சட்டையைத் தூக்கி மூன்றையும் பிய்த்துப் போட ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. பிய்த்திருந்தால் சோதனை பாதியில் நின்றுபோயிருக்கும். அவர் உண்மையாகச் சொன்னாரா, பொய் சொன்னாரா என்பது கடைசிவரை தெரியாமலே போயிருக்கும்.

ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றியபோதுதான் அங்கிருந்தவர்கள் மூன்று பேட்ச்களையும் பார்த்தார்கள். அவராகவே ஒட்டிக்கொண்டாரா என்று கேட்டீர்கள். தன் முதுகில் தானே எப்படி ஐயா ஒட்டிக்கொள்வார்? மூன்றையும் ஒட்டியது நான்தான். ஒட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் ஒட்டினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

வெள்ளைத் துணியால் மூடுவதற்கு முன்னால் அவருடைய வலது கையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான் வந்தது. அன்றைக்கு பேக்டரி கிடையாது. கையில் எண்ணெயும் கிடையாது. பிறகு எதை மறைக்க அவ்வளவு தேய்த்துக் கழுவினார் என்பதை மட்டும் நீங்கள் விசாரித்து எனக்குச் சொல்லுங்கள், ஐயா.