உள்ளே ஆள் இருக்கா?

அவைக்குத் தலைமை தாங்கி, இவன் எப்போது முடிப்பான் என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட நூலகத் தலைவர் அம்மையார் அவர்களே! ஐம்பத்திரண்டு வயதுக்காரனை 'வளரும் இளம் எழுத்தாளர்' என்று அறிமுகம் செய்து, என் நரையை நாலு பேர் முன்னால் நாணவைத்த வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே! அட்டையில் இன்னும் கொஞ்சம் ரத்தம், இன்னும் கொஞ்சம் ரத்தம் என்று கேட்டு வாங்கும் கருணைக்கடலான என் பதிப்பாளர் அவர்களே! முன்வரிசையில் முறுவலோடு அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! 'இதெல்லாம் ஒரு புத்தகமா?' என்று பிள்ளைகளிடமிருந்து பிடுங்கி, பிறகு அடுப்படியில் நின்றபடியே அதைப் படித்து முடித்த தாய்மார்களே! கடைசி வரிசையில், சக்கர நாற்காலி ஒன்றுக்கு இடம் விட்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெருந்தன்மையாளர்களே! உங்கள் எல்லோருக்கும், உயிரோடு இருக்கும் ஓர் எழுத்தாளனின் உளமார்ந்த வணக்கம்!

நான் எழுதுவது நடைப்பிணங்களின் கதை. செத்தவன் எழுந்து நடப்பான், நடந்தவன் கடிப்பான், கடிபட்டவன் சாவான், செத்தவன் மீண்டும் எழுவான். இதில் என்ன இலக்கியம் என்று கேட்பவர்கள் உண்டு. என்ன இல்லை என்று நான் கேட்கிறேன்! காப்பீட்டு அலுவலகத்தில், இறந்தவர்களின் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் பிரிவில், இருபது ஆண்டுக்கு மேல் உட்கார்ந்திருந்தவன் நான். முதுகலைப் படிப்பு படித்துவிட்டு, செத்தவர் செத்தது உண்மைதானா என்று சரிபார்ப்பதே என் உத்தியோகம். அங்கே செத்தவர்கள் காகிதத்தில் இருந்தார்கள். நடைப்பிணங்கள் நாற்காலியில் இருந்தன!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எனக்குப் பின்னால் வந்து, எனக்கு முன்னால் உயர்ந்து, என் மேலதிகாரியாகவே அமர்ந்த ஒருவர் இருந்தார். தண்ணீர் வேண்டுமென்றாலும் மணி, தும்மல் வந்தாலும் மணி. முதல் பாகத்தில், செத்த பிறகும் மேசை மணியை அடித்துக்கொண்டே தெருத் தெருவாக நடக்கும் ஒரு பிணம் வருகிறதே, அது அவர்தான். நான் எழுதிய மூன்று கனமான நாவல்களைப் படிக்காமலேயே திருப்பி அனுப்பிய பதிப்பகத்துக்காரர் ஒருவர் இருந்தார். பக்கம் புரட்டுவதுபோல் விரலை எச்சில் தொட்டுக்கொண்டு, மனிதர்களின் தோலைப் புரட்டும் பிணம்... ஆமாம் அம்மா, அதுவேதான். என்னைச் சீண்டியவர்களையெல்லாம் சாகடித்தேன், சாகடித்தவர்களையெல்லாம் நடக்கவிட்டேன். சாயங்காலம் நான் எழுதி முடித்து எழுந்தால் என் மனைவி கேட்பாள்: "என்னங்க, இன்னிக்கு யாரைக் கடிச்சீங்க?"

என்ன தம்பி? பின்னாலிருந்து என்ன சொல்கிறீர்கள்? 'லிஃப்டைக் கொளுத்து'வா? வருகிறேன். அதற்குத்தான் வருகிறேன். அதைச் சொல்லத்தான் இந்த மேடையே ஏறினேன்.

படிக்காதவர்களுக்காக இரண்டு வார்த்தை. என் கதையில் ஒவ்வொரு நடைப்பிணத்துக்கும் உயிரோடு இருந்த காலத்துப் பழக்கம் ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டாம் பாகத்தில், தப்பிப் பிழைத்த சிலர் ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தில் ஒளிந்திருக்கிறார்கள். அங்கே இரண்டு தளங்களுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டுக்குள், லிஃப்ட் பழுதுபார்க்கும் மெக்கானிக் ஒருவர் நடைப்பிணமாக அடைபட்டிருக்கிறார். ஸ்பேனரால் சுவரை இரண்டு தட்டுத் தட்டி, "உள்ள ஆள் இருக்கா?" என்கிறார். மீண்டும் இரண்டு தட்டு. மீண்டும் அதே கேள்வி. அந்தச் சத்தம் கேட்டு ஊரிலுள்ள பிணமெல்லாம் அந்தக் கட்டிடத்தை மொய்க்க, நீங்கள் உயிராய் நேசித்த அந்த நர்ஸ் பெண் இறந்துபோகிறாள். உங்கள் கண்ணீர் கோபமாயிற்று, கோபம் கோஷமாயிற்று. மூன்றாம் பாகத்தில் அந்த லிஃப்டைக் கொளுத்தியே ஆகவேண்டும்! பதிப்பாளரும் லிஃப்ட் கதவிலிருந்து தீ பாய்கிற அட்டையை அச்சடித்தே விட்டார். கதை முடியும் முன்பே அட்டை முடிந்த ஒரே நாவல் என்னுடையதுதான்!

அந்த லிஃப்ட்காரர் யார் என்று நீங்கள் கேட்கவில்லை. நான் சொல்கிறேன். அவர் என் மச்சான். என் மனைவியின் உடன்பிறந்த அண்ணன்.

லிஃப்ட் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. நின்றுபோன லிஃப்டைத் தொடும் முன், கதவை இரண்டு தட்டுத் தட்டி, "உள்ள ஆள் இருக்கா?" என்று கேட்க வேண்டும், பதிலுக்குக் காத்திருக்க வேண்டும், பிறகுதான் கருவியை எடுக்க வேண்டும். மச்சானுக்கு அது வேலையோடு நிற்கவில்லை. குளியலறைக் கதவென்றாலும் இரண்டு தட்டு. தூங்குகிறவன் தலையென்றாலும் இரண்டு தட்டு. காதில் செருகிய பென்சிலும் கடைவாயில் ஒரு சிரிப்புமாக அந்தக் கேள்வி.

ஒருநாள் குடும்பத்தோடு சாப்பிட உட்கார்ந்திருந்தோம். என் முதல் நாவலின் கையெழுத்துப் பிரதி, மூன்று ஆண்டு உழைப்பு, மேசையில் இருந்தது. மச்சான் கையைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்தார். ஒரு பக்கத்தை நாடகக் குரலில் படித்தார். இன்னொரு பக்கத்தைப் புரட்டினார். பிறகு அந்தக் காகிதக் கட்டை மேசையில் வைத்து, அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டி, காதை அதன்மேல் வைத்துக் கேட்டார்: "உள்ள ஆள் இருக்கா?"

சபை சிரித்தது. சின்னவர்கள் சிரித்தார்கள், பெரியவர்கள் சிரித்தார்கள், பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். என் மனைவி, வாயை மூடிக்கொண்டு, சிரித்தாள்.

"சத்தமே வரல மாப்ள! எல்லாரும் வெளிய போயிட்டாங்க போல!"

அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினேன். பல ஆண்டுகள் பேசவில்லை. வன்மம் என்றால் வன்மம். அதை வளர்த்தேன், வாசல் தெளித்து வளர்த்தேன்! பிறகு லிஃப்டில் வைத்து அடைத்தேன். அந்த அத்தியாயத்தைப் படித்த அன்று மனைவி புத்தகத்தோடு வந்து நின்றாள்.

"எங்கண்ணனையா லிஃப்ட்ல போட்டு அடைச்சிருக்கீங்க?"

"கதை அது. கற்பனை."

"கற்பனை காதுல எதுக்குப் பென்சில் இருக்கு?"

நான் பேனா மூடியைத் தேடத் தொடங்கினேன்.

புத்தகம் வந்து சில வாரம்தான் ஆகியிருக்கும். மச்சானுக்குப் பக்கவாதம். வலப்பக்கம் விழுந்தது, வாய்ப்பேச்சு போனது. மனைவி ஓடினாள். நான் போகவில்லை. நல்லவனாக நடிக்க எனக்கு வராது. இந்த மேடையிலும் வராது. விழுந்துவிட்டார் என்பதற்காக, சொன்னது சொல்லாததாகிவிடுமா என்ன?

பிறகு ஒரு பிற்பகல், மச்சானின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். முறைக்கு எனக்கு அக்கா. கைப்பையில் என் இரண்டாம் பாகம். முனையெல்லாம் மடிந்து நைந்து கிடந்தது. இன்றைக்குக் கணக்கு தீர்ந்தது, திட்டு வாங்கப் போகிறோம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அக்கா திட்டவில்லை.

"தம்பி, மூணாவது புக்குல அவரை எரிக்கப்போறீங்களாமே. அட்டைப் படம் பார்த்தேன்."

"அவரை இல்லைக்கா. ஒரு கேரக்டர்."

"என்கிட்ட எதுக்குத் தம்பி அந்தக் கதையெல்லாம்? அவருக்கே தெரியும். நான்தான் படிச்சுக் காட்டினேன்."

நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவன் நாற்காலி நுனிக்கு வந்தேன்.

"ஆஸ்பத்திரியிலருந்து வந்ததுலருந்து கல்லு மாதிரி கிடந்தாரு. கூப்பிட்டாலும் திரும்பல. வர்றவங்க எல்லாம் அவர் தலைமாட்டுல நின்னுகிட்டு, அவர் இல்லாத மாதிரியே பேசுறாங்க. 'இருந்து என்ன பிரயோஜனம்'னு அவர் காதுபடவே சொல்றாங்க. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு தம்பி, இவர் இருக்காரா இல்லையான்னு. பொழுது போகலைன்னு உங்க புக்கை எடுத்துச் சத்தமா படிச்சேன். லிஃப்ட் வந்துச்சு. 'உள்ள ஆள் இருக்கா'ன்னு படிச்சேன். சிரிச்சாரு! வாய் கோணிக்கிட்டு, எச்சில் ஒழுக, சிரிச்சாரு! இடது கையால கட்டில் கம்பியை ரெண்டு தட்டுத் தட்டினாரு. இன்னொரு தரம் படின்னு அர்த்தம். அதுலருந்து ரெண்டு தட்டுன்னா சரி, ஒரு தட்டுன்னா வேணாம். நாங்க பேசிக்கிறதே உங்க புக்காலதான்."

அப்புறம் அக்கா குரலைத் தாழ்த்தினார். "மூணாவது புக்கையும் அவருக்கு நான்தானே படிச்சுக் காட்டணும்? லிஃப்டு எரியுற பக்கம் வந்தா, நான் எப்படிப் படிக்கிறது?"

அவையோரே! எழுத்தாளன் எதிரிக்குப் பயப்பட மாட்டான்; ஏளனத்துக்குப் பயப்பட மாட்டான். தன் பக்கத்தை ஒருத்தி தன் கணவனுக்கு வாய்விட்டுப் படிக்கப்போகிறாள் என்றால், அப்போது பயப்படுவான்.

மறுநாள் போனேன். சிறிய அறை. கட்டிலைச் சுற்றி உறவுக்காரர்கள் மூவர். ஒருவர் மருந்துச் சீட்டை விசிறிக்கொண்டு, "இவருக்கு இனிமே என்ன தெரியப்போகுது பாவம்" என்றார். இன்னொருவர் "ஹூம்" என்றார். என் கதையில் நான் படைத்த பிணங்களில் ஒன்றுகூட இப்படி ஒருவர் தலைக்கு மேல் நின்று பேசியதில்லை. கடிக்கும், கடித்துவிட்டுப் போகும். படுத்துக் கிடப்பவர் பிணமா? இருப்பவரை இல்லாதவராக்கிப் பேசும் இவர்கள் பிணமா?

நான் கட்டிலருகே போனேன். இரக்கத்தால் போனேன் என்று எண்ணிவிடாதீர்கள். பழிக்குப் பழி! கட்டில் கம்பியை இரண்டு தட்டுத் தட்டினேன். குனிந்து அவர் காதருகே கேட்டேன்: "உள்ள ஆள் இருக்கா?"

அந்தக் கண் திரும்பியது. என்னைப் பார்த்தது. கடைவாயில் ஒரு கோணல் சிரிப்பு. அதே சிரிப்பு, சாப்பாட்டு மேசைச் சிரிப்பு. இடது கை மெல்ல எழுந்தது. டக். டக்.

மருந்துச் சீட்டுக்காரர் விசிறுவதை நிறுத்தினார்.

இத்தனை ஆண்டு நான் வளர்த்த வன்மம் அங்கே கரைந்து போயிற்று என்று சொன்னால் நீங்கள் கைதட்டுவீர்கள். கரையவில்லை! அப்படியே இருக்கிறது. ஆனால், வன்மம் வைக்கவும் ஒரு மனிதர் வேண்டுமே ஐயா! எதிரே ஆள் இருந்தால்தானே கோபம்? இல்லாதவரிடம் யார் கோபித்துக்கொள்வார்கள்? அந்த அறையில் அவரை முழு மனிதராக எண்ணிக் கோபத்தோடு நின்றவர்கள் இரண்டே பேர்தான். 'மருந்தைத் துப்பினா பாருங்க' என்று அதட்டிய அக்கா ஒருவர், நான் ஒருவன்.

ஆகவே, அன்பு வாசகர்களே, அறிவிக்கிறேன். மூன்றாம் பாகத்தின் முடிவை மாற்றிவிட்டேன். நாயகி பெட்ரோல் கேனோடு லிஃப்டின் முன் நிற்கிறாள். அந்த நர்ஸ் தோழியை இழந்தவள், தீக்குச்சியை எடுத்துவிட்டவள். உள்ளிருந்து தட்டுகிறது. குச்சியை உரசப் போகும் கை நின்றுவிடுகிறது. இத்தனை நாளும் எல்லோரும் அந்தச் சத்தத்துக்குப் பயந்து ஓடினார்கள். ஒருவர்கூடத் திருப்பித் தட்டவில்லை என்று அவளுக்கு அப்போதுதான் உறைக்கிறது. அவள் தட்டுகிறாள். காத்திருக்கிறாள்.

கதவு திறந்ததா என்பதைப் புத்தகத்தில் பாருங்கள். தீ இல்லை. அட்டையில் தீ இருக்கும். அதற்குப் பதிப்பாளரைக் கேளுங்கள். அவர் முகத்தைப் பாருங்கள், இப்போதே எரிகிறது! கொளுத்து, கொளுத்து என்று கேட்ட தம்பிமாரே, கோபித்துக்கொள்ளுங்கள். உங்கள் கோபம் எனக்கு வேண்டும். ஆனால் கொளுத்தும் முன் தட்டுங்கள்! புதைக்கும் முன் தட்டுங்கள்! போய்விட்டான், புத்தியில்லை, புரியாது, பேசாது என்று ஒருவரைப் பெருக்கித் தள்ளும் முன், இரண்டே இரண்டு தட்டுத் தட்டுங்கள்! தட்டிவிட்டு ஓடாதீர்கள். காத்திருங்கள். நாகரிகம் என்று நாம் சொல்லிக்கொள்வதெல்லாம் அந்தக் காத்திருப்புதான்!

தலைவர் அம்மையார் கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். முடித்துவிட்டேன் அம்மா. ஒரே ஒரு வாசகரிடம் ஒரு கேள்வி மட்டும்.

கடைசி வரிசையில் அந்தச் சக்கர நாற்காலி. அக்கா, அதைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க. எல்லாரும் கொஞ்சம் அமைதியாக இருங்கள்.

மச்சான்! கதையில உங்கள விட்டுட்டேன். அன்னிக்குச் சாப்பாட்டு மேசையில சொன்னீங்களே, அதை விடல. அது வேற கணக்கு. இப்ப இத்தனை பேர் முன்னாடி கேக்குறேன், சொல்லுங்க. நாலாவது பாகம் எழுதட்டுமா?

...

கேட்டீர்களா? கேட்டதா எல்லோருக்கும்?

ஒரே தட்டு!

வேண்டாமாம்! இத்தனை பேர் கூடியிருக்கும் சபையில், என் சொந்தச் செலவில் வண்டி வைத்து அழைத்துவந்த மனிதர், எழுதாதே என்கிறார்! கொஞ்சமும் மாறவில்லை பாருங்கள், கொஞ்சமும் திருந்தவில்லை பாருங்கள்! சிரிக்கிறார், அக்காவும் சிரிக்கிறார், அதோ என் மனைவி, இந்த முறை வாயைக்கூட மூடாமல் சிரிக்கிறாள்!

ஆள் இருக்கிறார் ஐயா! உள்ளே ஆள் இருக்கிறார்!

நாலாம் பாகத்தை நாளைக்கே தொடங்குகிறேன், மச்சான், உங்களுக்காகவே தொடங்குகிறேன். பொறுத்துக் கேட்ட உங்கள் பொறுமைக்கும், இந்த மேடையை நம்பித் தந்த தலைமைக்கும், அட்டையை மன்னிக்கப்போகும் உங்கள் அன்புக்கும் நன்றி. வீடு போய்ச் சேருங்கள். போனதும் கதவைத் தட்டுங்கள். உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் நலமாக இருக்கட்டும். வணக்கம்!