நான்காம் டிரம்மில் ஒட்டிய சீட்டு

என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று சலவைக்கூடத்தில் எல்லோரும் சொல்வார்கள். அதனால்தான் இன்ஸ்பெக்டர் ஐயா, வாக்குமூலத்தை நீங்கள் எழுதி நான் கையெழுத்துப் போடுவதைவிட நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். காகிதம் கொடுத்ததற்கு நன்றி.

பதினெட்டு வருஷமாக அங்கே ஸ்டோர் என் பொறுப்பு. ஆஸ்பத்திரி, விடுதி என்று பல இடத்துத் துணி மூட்டை மூட்டையாக வரும். வேலையாட்கள் முப்பத்தொரு பேரில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பலகையில் எந்த அறிவிப்பை ஒட்டினாலும் என்னிடம் வருவார்கள். வீட்டிலிருந்து கடிதம் வந்தாலும் அப்படித்தான். பாதிச் சாப்பாட்டில் வந்து நின்றாலும் நான் முகம் சுளித்ததில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து படித்துக் காட்டுவேன்.

உள்ளதை உள்ளபடி படித்தேன் என்று சொல்ல மாட்டேன். வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள் விடுப்பு என்று ஒட்டியிருந்ததை எட்டு நாள் என்று படித்தேன். பன்னிரண்டு என்று தெரிந்தால் பன்னிரண்டையும் எடுப்பார்கள், அப்புறம் வேலை என்ன ஆவது? தேய்ப்புக்காரருக்கு அவர் தம்பி ஒரு கடிதம் போட்டிருந்தார். அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறாள், உன்னைத்தான் கேட்கிறாள், உடனே வா என்று இருந்தது. மூட்டைகள் கூரை வரை குவிந்திருந்த வாரம் அது. எல்லோரும் நலம் என்று படித்தேன். சிரித்துக்கொண்டே போய் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தார். அம்மா இறந்துபோன கடிதம் வந்தபோது அதை ஓர் எழுத்துக்கூட மாற்றவில்லை.

பிறகு புது மேனேஜர் வந்தார். வேலை நேரத்திலேயே தினம் ஒரு மணி நேரம் எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சரை வைத்தார். எனக்கு ஆட்சேபணை இல்லை, பெஞ்சுகளைத் தூக்கிப் போட்டதே நான்தான். நாலு நாளில் சலித்துவிடும் என்று நினைத்தேன். பலருக்குச் சலித்தது. பெரிய மெஷினில் துணி போடுகிறவளுக்குச் சலிக்கவில்லை. நாற்பது வயதுக்கு மேல் அப்படி ஓர் ஆசை. வேலையிடத்தில் பார்த்த ஒரு வரியையும் ஓர் எண்ணையும் தினம் நோட்டில் எழுத வேண்டும் என்பது டீச்சர் கொடுத்த பாடம். அவள் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

ஒருநாள் பலகைக்கு முன்னால் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்.

"அண்ணே, இதுல பன்னெண்டுன்னுல்ல போட்டிருக்கு? நீங்க எட்டுன்னு சொன்னீங்களே?"

"போன வருஷம் எட்டும்மா. இப்ப மாத்தியிருப்பாங்க."

"தேதி போன வருஷத்துதுதான் இருக்குண்ணே."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

அதற்குப் பிறகு நான் படித்துக் கொடுத்த காகிதத்தை மடித்து எடுத்துப்போய் அவளிடம் இன்னொரு தடவை காட்டினார்கள். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை அவள் தேய்ப்புக்காரரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "பெட்டியில வச்சிருக்கிற கடுதாசியெல்லாம் திங்கக்கிழமை எடுத்துட்டு வாங்கண்ணே. ஒண்ணு விடாம படிச்சுக் காட்டறேன்."

பயந்தேன், அதை மறைப்பதற்கு இல்லை.

ஸ்டோரில் இரண்டு வகை டிரம் உண்டு. ஒன்றில் சோப்புத் திரவம். இன்னொன்றில் கறைநீக்கி, பட்ட இடத்தைப் பொசுக்கிவிடும். இரண்டும் ஒரே வெள்ளை, ஒரே உயரம்; மூடியில் பொறித்த எண் மட்டும்தான் வேறு. முன்பு கறைநீக்கி டிரம்மின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டி வைப்பேன். எல்லோரும் படித்துப் பழகட்டும் என்று மேனேஜர் துணியை அவிழ்த்துவிட்டுப் பெயர்ச் சீட்டு ஒட்டச் சொன்னார். எழுதி ஒட்டியவன் நான்.

சனிக்கிழமை காலை, ஆட்கள் வருவதற்கு முன், அன்றைக்குத் திறக்க வேண்டிய இரண்டு டிரம்களின் சீட்டுகளையும் மாற்றி ஒட்டினேன். முதலில் வந்து டிரம்மைத் திறப்பவள் அவள்தான். சோப்பு என்றால் கண்ணாடியும் கையுறையும் போட வேண்டியதில்லை. கையில் கொஞ்சம் பட்டால் ஒரு வாரம் வீட்டில் இருப்பாள் என்று நினைத்தேன். முகத்தைக் கிட்டே வைத்துக்கொண்டு ஊற்றுவாள் என்பது நினைவில் இல்லை என்று எழுதலாம். ஆனால் அவள் ஊற்றுவதைத் தினம் பார்த்தவன் நான்.

அலறல் கேட்டதும் முதலில் ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றியவனும் நான்தான். ஆம்புலன்ஸ் கிளம்பிய பிறகு சீட்டுகளைப் பழைய இடத்தில் ஒட்டினேன்.

இரண்டு கண்ணும் போய்விட்டது. விபத்து அறிக்கையில் கைநாட்டு வாங்க கம்பெனி என்னைத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. "நீங்களே படிங்கண்ணே" என்றாள். காரணம் விசாரணையில் உள்ளது என்று அதில் இருந்தது. ஊழியர் சீட்டைத் தவறாகப் படித்ததே காரணம் என்று படித்தேன்.

"எழுத்துக் கூட்டித்தாண்ணே படிச்சேன்" என்றாள். பிறகு, "எனக்குப் படிப்பு வரல போலிருக்கு" என்றாள். அவள் விரலை மையில் தொட்டுக் காகிதத்தில் வைத்தேன்.

திங்கட்கிழமை தேய்ப்புக்காரர் கடிதங்களை எடுத்து வரவில்லை.

அந்த நோட்டை நான் மறந்துவிட்டேன். அன்றைக்கும் டிரம்மைத் திறப்பதற்கு முன் எழுதியிருக்கிறாள். "சோப்புத் திரவம். டிரம் எண் 4." என் பதிவேட்டில் நான்காம் எண் கறைநீக்கி. டீச்சர் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறார். நீங்கள் அந்தப் பக்கத்தைக் காட்டியபோது நானும் பார்த்தேன். கோணல் எழுத்து, ஆனால் ஒரு பிழை இல்லை. அவள் சரியாகத்தான் படித்தாள். பொய்யாக ஒட்டியது நான்.

இதை அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டியிருக்கும் அல்லவா? என்னையே அனுப்புங்கள் ஐயா. என் குரல் அவளுக்குப் பழகியது. மனம் நோகிற இடங்கள் வந்தால் நான் பார்த்துப் படித்துக்கொள்கிறேன்.