பார்வதி அம்மாவின் முதல் பெயர்

அடையாள அட்டையை மூன்றாம் முறையாகத் தொலைத்துவிட்டு, மலேசியாவின் கிள்ளான் நகரப் பதிவகத்தில் காத்திருந்தேன். பக்கத்தில், தமிழ்க் குடும்பம் எடுத்து வளர்த்த சீனத்து அம்மா. பெயர் பார்வதி. கைக்குழந்தையின் பிறப்பைப் பதிய வந்த மகள்.

“உங்கள பெத்தவங்க வச்ச பேரையே பாப்பாவுக்கு வைக்கிறேன்மா.”

“வேணாம்லா. பிள்ளைய தூக்கிக் குடுத்தவங்க வச்ச பேரு. மெய் லிங்னா என்னன்னுகூட எனக்குத் தெரியாது.”

மகள் எதிரிலிருந்த சீனப் பெரியவரிடம் மலாயில் கேட்டாள்.

“மெய்னா அழகாம்மா.”

பார்வதி அம்மா குழந்தையின் முகத்தை எட்டிப் பார்த்தார்.

“அப்போ, குடுக்கறதுக்கு முன்னாடி என் மூஞ்சியப் பார்த்திருக்காங்க.” குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். “எழுதுலா, அதையே எழுது.”

என் வரிசை எண்ணை மூன்று முறை கூப்பிட்டார்களாம். ஒட்டுக்கேட்பதில் நான் அவ்வளவு கெட்டிக்காரன்.