கழிவு வாயு பாதுகாப்பாக அகற்றப்பட்ட விதம்

அன்று டி.எம்.எஸ். என்கிற அரசாங்கப் பால் திரியவில்லை. வெயில் காலத்துத் தில்லியில் அது அபூர்வம். பூத்திலிருந்து ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்கு வருவதற்குள் பாட்டிலிலேயே கெட்டுப்போவதுதான் வழக்கம். பால் நன்றாக இருந்ததால் பட்டாபி இரண்டாவது காபி கேட்டான். ஜலஜா கொடுத்தாள்.

"என்னடா இன்னிக்கு விசேஷம், இஸ்திரிச் சட்டையெல்லாம்?"

"பிளான்ட்டைப் பாக்கக் கமிட்டி வரது, அக்கா."

"மாப்பிள்ளை பாக்க வராளோன்னு நெனச்சேன்," என்றாள். அவன் சிரித்துக்கொண்டே டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான்.

ஜலஜா என் மனைவி. பட்டாபி அவளுடைய தம்பி. பெற்றோர் போன பிறகு அவள்தான் அவனை வளர்த்தாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்ததும், நான் பொறுப்பிலிருந்த கழிவுநீர் நிலையத்தின் சோதனைக்கூடத்தில் அவனைச் சேர்த்துவிட்டேன். மச்சினனுக்கு வேலை வாங்கித் தந்தேன் என்று சிலர் பேசினார்கள். நான் செய்த தவறு என்று ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் அதைச் சொல்லலாம்.

நீங்கள் கேட்டது நீரைப் பற்றி. சொல்கிறேன். ஊர்ச் சாக்கடை எங்களிடம் வந்து சேரும்போது அதில் பிராணவாயு இருக்காது. பெரிய தொட்டியில் விட்டு, இயந்திரத்தால் கலக்கி அடித்து, காற்றை ஏற்ற வேண்டும். நீருக்கு மூச்சு திரும்பினால் அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் பிழைக்கும். நீர் தெளிந்து யமுனைக்குப் போகும். எங்களிடம் நான்கு இயந்திரங்கள் இருந்தன. மூன்றின் மோட்டார் கருகிவிட்டது. வேறு மோட்டார் வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினேன். நீரில் இப்போது பிராணவாயு எவ்வளவு என்று மேலிடம் திருப்பிக் கேட்டது. குறைவு என்றால், ஏன் குறையவிட்டாய் என்பார்கள். சரியாக இருக்கிறது என்றால், பிறகு மோட்டார் எதற்கு என்பார்கள். முதல் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே சரியாக இருக்கிறது என்று எழுதினேன்.

ஆனால் உட்கார்ந்த இடத்தில் பொய் எண்ணை எழுதுகிறவன் நான் இல்லை. சோதித்துவிட்டுத்தான் எழுதுவேன். தொட்டி நீரை ஓர் எவர்சில்வர் டம்ளரில் மொண்டு, இன்னொரு டம்ளருக்குக் கை உயரத்திலிருந்து நுரைக்க நுரைக்க ஆற்றுவேன். காபி ஆற்றுகிற அதே லாகவம்தான். கொஞ்ச நேரத்தில் நீர் வேண்டிய காற்றைக் குடித்துவிடும். பிறகு சோதித்தால் பிரமாதமான அளவு வரும். இயந்திரங்களைப் பார்த்துக்கொண்ட பஞ்சாபி இளைஞர்களுக்கும் கற்றுக்கொடுத்துப் பார்த்தேன். பாதியைக் கால்சட்டையில் கொட்டிக்கொண்டார்கள். அந்தக் கை நம்மவர்களுக்குத்தான் வரும்.

பட்டாபி முதல்முறை இதைப் பார்த்தபோது, "சக்கரை போட்டேளா அத்திம்பேர்?" என்று கேட்டுச் சிரித்தான். மறுநாள் சிரிக்கவில்லை.

"சாம்பிள் எடுக்கறச்சே ஒரு குமிழிகூட வரப்படாதுன்னு புஸ்தகத்துல போட்டிருக்கே."

"புஸ்தகம் எழுதினவன்கிட்ட மோட்டார் இருந்ததுடா," என்றேன்.

வாசலில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருந்தோம். சுத்திகரித்த நீரில் மீன் நீந்துவதைப் பார்த்தால் வருகிறவர்களுக்கு நம்பிக்கை பிறக்கும். மீன் ஒரு பகலுக்கு மேல் தாங்காது. விருந்தினர் வரும் நாட்களில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து உயிர்மீன் வாங்கி வருவது மாசிலாமணியின் வேலை. விழுப்புரத்துக்காரன், பிளான்ட்டில் குழாய், வால்வு எல்லாம் அவன் பொறுப்பு. யமுனைக் கரைக் குடிசையில் மனைவி ராஜாத்தியோடு இருந்தான்.

"செத்த மீன வூட்டுக்கு எடுத்துட்டுப் போனா ராஜாத்தி தொட மாட்டேங்குறா சார்," என்பான். "நம்ம தண்ணி பவுசு அவளுக்குத் தெரிஞ்சிபோச்சி."

வாயுவைப் பற்றியும் கேட்டீர்கள். சாக்கடையிலிருந்து பிரித்த சேற்றை மூடிய கலன்களில் புளிக்கவிடுவோம். அதிலிருந்து விஷவாயு வரும். உயரமான குழாயின் நுனியில் அதை எரித்துவிட வேண்டும், அதுதான் பாதுகாப்பு. எங்கள் குழாயிலும் இரவும் பகலும் ஒரு ஜ்வாலை எரிந்துகொண்டிருந்தது. எதிரே உயர் அதிகாரிகளின் காலனி. சாப்பாட்டு மேஜையிலிருந்து பார்த்தால் சுடுகாடு மாதிரி இருக்கிறது என்று ஒரு பெரிய அதிகாரியின் மாமியாருக்கு வருத்தம். அவர் மாப்பிள்ளை எங்கள் தலைமையகத்துக்கு ஒரு வார்த்தை போட்டார். ஆசிய விளையாட்டுகளுக்காக நகரத்தையே சிங்காரித்துக்கொண்டிருந்த சமயம் அது. ஜ்வாலையை அணைத்தேன்.

அணைத்தாலும் வாயு வந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே குழாயைப் பழைய பம்புக் குழிக்குள் திருப்பிவிட்டேன். ஆழமான குழி. இறங்குவதற்குச் சுவரில் இரும்புப் படிகள். மேலே கனத்த இரும்பு மூடி. மூடியின் விளிம்பில் ஈரச் சாக்கைத் திணித்தால் வெளியே ஒன்றும் தெரியாது. கழிவு வாயு பாதுகாப்பாக அகற்றப்படுகிறது என்று மேலிடத்துக்கு எழுதினேன். பாராட்டிப் பதில் வந்தது.

அன்று காலை என் லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரில்தான் பட்டாபியும் வந்தான். மோதிபாக் அருகில், பின்னாலிருந்து சொன்னான்:

"அத்திம்பேர், கமிட்டி என்னைக் கேட்டா நான் உள்ளதைச் சொல்லிடப்போறேன். உங்க பேரை இழுக்க மாட்டேன்."

"அச்சா," என்றேன். சோதனைக்கூடத்தில் இருந்ததே நாங்கள் இரண்டு பேர்தான்.

பிளான்ட்டுக்குள் நுழைந்ததுமே நாற்றம் தெரிந்தது. குழிக்குள் குழாயின் இணைப்பு ஒன்று தளர்ந்து, வாயு மூடியின் ஓரமாகச் சீறிக்கொண்டிருந்தது. கமிட்டி வரும் நேரம். மேலே வால்வை மூடச் சொன்னேன். குழியைத் திறந்துபோட்டு, காற்றடிக்கும் ப்ளோயரை வெகுநேரம் ஓட்டிவிட்டுத்தான் ஆளை இறக்க வேண்டும். ஆனால் திறந்துபோட்டால் வளாகமே நாறும். ப்ளோயரும் கையில் இல்லை. வரவேற்பு அறைக்கு அடித்த பெயின்ட்டைக் காயவைத்துக்கொண்டிருந்தது. பெயின்ட் அவசரம்.

"உள்ளாற காத்து எப்டி சார்?" என்று மாசிலாமணி கேட்டான்.

"காலிக் குழிதான். ஜல்தி முடிச்சுட்டு வா."

துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்கினான். கொஞ்ச நேரத்தில் ஸ்பானர் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு அவன் விழுகிற சத்தம்.

மற்ற ஊழியர்கள் எல்லாரும் மாலைகளோடு கேட்டருகே வரிசையில் நின்றார்கள். சோதனைக்கூடத்திலிருந்து பட்டாபி மட்டும் ஓடிவந்தான்.

"கயிறு, அத்திம்பேர். கயிறு கொண்டுவரச் சொல்லுங்கோ," என்றான். கயிறு வரும்வரை அவன் நிற்கவில்லை. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டான். சொன்ன பேச்சைக் கேட்கிற சுபாவம் அவனுக்குச் சிறுவயது முதலே கிடையாது என்று ஜலஜா சொல்வாள்.

கேட்டில் விசில் ஊதினார்கள். கார்கள் திரும்புவது தெரிந்தது. குழியிலிருந்து வந்த நாற்றத்தை நீங்கள் முகர்ந்திருந்தால் புரிந்துகொள்வீர்கள். வரவேற்பு அறை வெகு பக்கம். கொஞ்ச நேரம் மூடிவைத்துவிட்டு, அவர்கள் உள்ளே போனதும் திறந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். எப்போதும் இரண்டு பேர் சேர்ந்து நகர்த்துகிற மூடி. அன்று நான் ஒருவனாகவே தள்ளினேன். விளிம்பில் சாக்கைத் திணித்தேன். பார்வைக்கு வெறுமையாக இருந்ததால் மேலே இரண்டு துலுக்கச் சாமந்தித் தொட்டிகளை வைத்தேன். ஸ்கூட்டரில் அவன் சொன்னதற்கும் இதற்கும் முடிச்சுப் போடத் தோன்றும். தேவையில்லை. நாற்றம்தான் காரணம்.

கமிட்டி திருப்தியாகவே இருந்தது. ஓடுகிற ஒற்றை இயந்திரத்தைக் காட்டினேன். மீன்களைக் காட்டினேன். நீரை ஆற்றிச் சோதித்து அளவைச் சொன்னேன். தலைவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்து, "பத்பூ பில்குல் நஹீன்" என்றார். துளிக்கூட நாற்றம் இல்லையாம். வாயுவை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். பாதுகாப்பாக அகற்றுகிறோம் என்றேன். சமோசாவும் டீயும் சாப்பிட்டார்கள். நடுவில் ஒருமுறை இரும்பில் ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது. பம்பு ஓடுகிற இடத்தில் சத்தம் கேட்கத்தான் செய்யும். இன்னொரு சமோசா எடுத்துக்கொள்ளும்படி தலைவரை வற்புறுத்தினேன்.

விசாரணை நடந்தது. இரண்டு ஊழியர்கள் அனுமதியின்றி, அஜாக்கிரதையாகக் குழிக்குள் இறங்கியதாகத் தீர்மானமானது. சம்பவ இடத்தில் இருந்த மூத்த அதிகாரி என்ற முறையில் அறிக்கையை நான்தான் எழுதினேன். ராஜாத்திக்குப் பிளான்ட்டில் பெருக்குகிற வேலை போட்டுக்கொடுத்தேன். என்னைப் பார்த்தால் கும்பிடுவாள். அவளுக்குச் செய்ததற்கு நன்றி வைத்திருந்தாள்.

ஜலஜா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ரொம்ப அவஸ்தைப்பட்டானா?"

"ரெண்டு மூச்சுதானாம். டாக்டர் சொன்னார். தெரிஞ்சே இருக்காது."

டாக்டர் அப்படித்தான் சொன்னார். இருவரும் அடியில் கிடந்ததைப் பார்த்துச் சொன்னார். அந்த இரண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஜலஜா மிச்ச வருஷங்களைத் தள்ளினாள். நானும் டாக்டரை நம்புகிறவன்தான்.

கமிட்டியின் கடைசிக் கார் வெளியேறியதும் எல்லாரும் மிச்சச் சமோசாவுக்குப் போனார்கள். நான் தனியாகக் குழிக்கு வந்தேன். பூந்தொட்டிகளை இறக்கிவைத்துவிட்டு, கடப்பாரையால் மூடியை நெம்பி நகர்த்தினேன். இரண்டு பேரும் அடியில் இல்லை. மாசிலாமணி பட்டாபியின் தோளில் கிடந்தான். பட்டாபி முழங்கையை மேல்படிக்குள் மாட்டிக்கொண்டு, நெற்றியைச் சுவரில் சாய்த்திருந்தான். அந்த நிலையில் யாராவது பார்த்தால் தப்பாக நினைத்துக்கொள்வார்கள். முழங்கையைப் படியிலிருந்து விடுவித்தேன். இருவரும் கீழே போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன்.

அந்தப் படி, மூடிக்கு ஒரு முழம் கீழே இருக்கிறது.